வீட்டிலும் பயணத்திலும் குரல் பதிவு: சத்தத்தை என்ன செய்யிறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

யாழ்ப்பாணத்தில் வீட்டில் இருந்தபடியே குரல் கொடுப்பவர்கள் இப்போது நிறையப் பேர். வானொலி விளம்பரம், ஒலிநூல், யூடியூப் கதை, புலம்பெயர் நாடுகளில் இருந்து வரும் ஆவணப்பட விவரணை என்று வேலைகளும் பலவிதம். அந்தக் கோப்புகளைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். எந்த மைக் நல்லது என்று கேட்பவர்களை விட, சத்தத்தை என்ன செய்வது என்று கேட்பவர்கள்தான் என்னிடம் அதிகம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து கீழாக வாசிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துக்கொண்டுதான் போகும்.

அண்ணை, என்ர அறையைச் சத்தம் வராத மாதிரிச் செய்ய எவ்வளவு முடியும்?

காசைப் பற்றிக் கதைக்க முதல் ஒரு சோதனை செய்யுங்கள். வழக்கமான இடத்தில் மைக்கை வைத்து, பேசாமல் ஒரு நிமிடம் பதியுங்கள். பிறகு கையை ஒரு தடவை பலமாகத் தட்டுங்கள். அதன் பிறகு நாலு வரி வாசியுங்கள். எல்லாவற்றையும் ஹெட்போனில் கேளுங்கள். பேசாத நிமிடத்தில் ஓட்டோவும் நாயும் பக்கத்து வீட்டு டிவியும் கேட்டால் உங்கள் சிக்கல் வெளிச்சத்தம். கைதட்டு 'டப்' என்று அறுந்து போகாமல் இழுபட்டுக்கொண்டு நின்றால், வாசித்த வரிகள் வெறும் மண்டபத்தில் பேசியது போல இருந்தால், சிக்கல் எதிரொலி.

இரண்டுக்கும் மருந்து வேறு. வெளிச்சத்தத்தை நிறுத்தப் பாரமான தடுப்பும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். எதிரொலியை அடக்க மெத்தென்ற, தடித்த பொருள் வேண்டும். ஒன்றுக்கு உதவுவது மற்றதற்கு அநேகமாக உதவாது. எனக்கு வரும் கோப்புகளில் பெரும்பாலானவற்றைக் கெடுத்திருப்பது எதிரொலி. பதிந்தவர் பழி போடுவது நாயின் மேல்.

எதிரொலியைக் குறைந்த செலவில் தீர்க்கலாம். வெளிச்சத்தத்தை எங்கள் வீடுகளில் முழுதாக நிறுத்துவது கட்டட வேலை. ஆகவே அதற்குச் செலவழிக்க முதல் பதியும் நேரத்தையும் அறையையும் மாற்றிப் பாருங்கள் என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்லப்போவது.

முட்டை மட்டை ஒட்டினால் காணுமோ?

காணாது. அது சத்தத்தைத் தடுக்கப் பாரமும் இல்லை, உறிஞ்சத் தடிப்பும் இல்லை. கூர்மையான மேற்சத்தத்தை மட்டும் கொஞ்சம் கலைக்கும். கல்யாண அலங்காரத்துக்கு வெட்டுகிற ரெஜிபோமும் அப்படித்தான். அதன் உள்ளே காற்று ஊடுருவாது என்பதால் ஒலியை உறிஞ்சவே மாட்டாது. இரண்டும் தீப்பிடிக்கும், முட்டை மட்டையில் கரப்பான் குடியேறும்.

அப்ப ஒன்லைனில விக்கிற கறுப்பு ஸ்பொஞ்ச்? எல்லா ஸ்டூடியோவிலயும் அதுதானே கிடக்கு?

ஸ்பொஞ்ச் பொய்யில்லை, அதன் தடிப்புத்தான் பொய். ஒலியின் அலைநீளத்தில் கால்பங்கு தடிப்பு இருந்தால் ஒரு பொருள் அந்த ஒலியை நன்றாக உறிஞ்சும். 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்குக் கால்பங்கு கிட்டத்தட்ட 8.5 செ.மீ.; 500 ஹெர்ட்ஸுக்கு 17 செ.மீ. ஆண் குரலின் அடிச்சுருதி ஏறத்தாழ 85 முதல் 155 ஹெர்ட்ஸ், பெண் குரலில் 165 முதல் 255 வரை. 2.5 செ.மீ. ஸ்பொஞ்சை அறை முழுக்க ஒட்டினால் 'ஸ', 'ச' போன்ற கூர்மையான ஒலிகள் அமுங்கும், அடிக்குரலின் முழக்கம் அப்படியே நிற்கும். குரல் மங்கலாகவும் அதே நேரம் முழக்கமாகவும் வரும். இதுதான் நான் கேட்கும் ஸ்பொஞ்ச் அறைகளின் அடையாளம்.

அதே காசுக்கு 10 செ.மீ. தடிப்பில் நாலு பலகங்கள் செய்து, சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிறுத்தினால் பலன் பல மடங்கு. பின்னால் இருக்கும் காற்று இடைவெளி இலவசமாகக் கிடைக்கும் தடிப்பு. ரொக்வூல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) கிடைத்தால் மரச்சட்டத்தில் அடைத்து, நார் பறக்காமல் துணியால் மூடித் தையுங்கள். அடைக்கும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். கிடைக்காவிட்டால் தும்பு மெத்தை இருக்கிறது. தென்னந்தும்பு உண்மையிலேயே நல்ல ஒலி உறிஞ்சி. பழைய தும்பு மெத்தையை வெயிலில் காயவைத்து, தட்டி, துணி சுற்றிச் சுவரில் சாய்த்தால் அதுவே ஒரு பலகம். இலவம்பஞ்சு மெத்தையும் உதவும், ஆனால் மாரியில் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் வரும்.

எங்கட வீடு பழைய கல்வீடு. சுவர் முக்கால் அடிக்கு மேல தடிப்பு. பிறகேன் ஒழுங்கையில கதைக்கிறது எல்லாம் கேக்குது?

சுவர் மேல் குற்றமில்லை. சுண்ணாம்புக்கல்லோ சீமெந்துக் கல்லோ, இரு பக்கமும் பூசிய சுவர் பேச்சுச் சத்தத்தை நன்றாகவே நிறுத்தும். சத்தம் வருவது சுவரில்லாத இடத்தால். ஒரு கணக்கு சொல்கிறேன்: 3 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரமான சுவரில் 30 செ.மீ. சதுரத்துக்கு ஒரு துவாரம் இருந்தால் அது சுவரின் 1 சதவீதம். மிச்சச் சுவர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. எங்கள் வீடுகளில் யன்னலுக்கு மேலே காற்றோட்டத்துக்கு விடும் துவாரங்களை எண்ணிப் பாருங்கள். வெக்கைக்காகக் கட்டிய வீடுகள் இவை, மைக்குக்காகக் கட்டியவை அல்ல.

இதை விடப் பெரிய ஓட்டை தலைக்கு மேல் இருக்கிறது. பல ஓட்டு வீடுகளில் உட்சுவர்கள் கூரை வரை போகாமல் இடையில் நின்றுவிடும். குசினியில் தேங்காய் துருவுவது அறையில் கேட்பது அதனால்தான். சீலிங் அடித்திருந்தாலும் அது மெல்லிய தட்டு, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலோ காற்றுப் போகும். கொங்கிரீட் கூரை போட்ட அறை ஒன்று வீட்டில் இருந்தால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் முதலில் அதைப் பரிசோதியுங்கள். மாடி வீடென்றால் கீழ்த்தளம்.

கதவுக்கும் நிலத்துக்கும் இடையில் விரல் போகும் இடைவெளி இருந்தால் அதுவும் ஓட்டைதான். சுருட்டிய துவாயை அடியில் வைத்துவிட்டு ஒருதரம் பதிந்து பாருங்கள். செலவில்லாத வேலைகளில் இதற்கு ஈடானது குறைவு.

யன்னலுக்குத் தடிச்ச திரைச்சீலை போட்டன், ஒரு வித்தியாசமும் இல்லையே?

திரைச்சீலை எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும். காற்றுப் போகும் துணி வெளிச்சத்தத்தை நிறுத்தாது. முதல் பதிலில் சொன்ன இரண்டு மருந்துக் கதைதான். யன்னலுக்குத் தேவை ஒரு மூடி. யன்னல் குழியின் அளவுக்குத் தடித்த பிளைவூட் பலகை இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக அறைந்து, ஓரத்தைச் சுற்றி றப்பர் நாடா ஒட்டி, இறுக்கமாகச் செருகும்படி மேசனிடம் அல்ல, தச்சரிடம் செய்வியுங்கள். கைபிடி இரண்டு வைத்தால் பதியும் நேரம் மட்டும் செருகி மற்ற நேரம் கழற்றலாம். உட்பக்கம் ஒரு மெத்தைத்துண்டு அடித்தால் எதிரொலிக்கும் ஆகும். மேலே உள்ள காற்றுத் துவாரங்களுக்கும் இதே மாதிரிச் சின்ன மூடிகள்.

பலகையின் பாரத்தை இரட்டிப்பாக்கினால் ஏறத்தாழ 5, 6 டெசிபல்தான் கூடும். ஓரத்தில் ஒரு நீட்டு இடைவெளி விட்டால் அந்த ஆதாயம் முழுவதும் போய்விடும். ஆகவே தடிப்பை விட றப்பர் நாடாவில் கவனம் வையுங்கள்.

வீட்டில எந்த இடம் நல்லம்?

ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கம், கிணற்று மோட்டருக்குத் தூரம், பொருள் நிறைந்த அறை. வெறும் அறை எதிரி. நெல்லு மூட்டையும் பாயும் பழைய உடுப்பும் அடுக்கிய சாமான் அறையைச் சிலர் வெட்கத்தோடு சொல்வார்கள். எனக்கு வரும் மிகச் சுத்தமான பதிவுகள் சில அப்படியான அறைகளில் இருந்து வருபவை. சீமெந்து நிலமும் மாபிளும் கடுமையாகத் திருப்பி அடிக்கும்; காலடியில் தடித்த கம்பளமோ மடித்த போர்வையோ போடுங்கள். பனை ஓலைப் பாய் இதற்குப் போதாது.

நாலு பக்கமும் ஒரே நீளமான சதுர அறையையும் அறையின் நட்டநடுவையும் தவிருங்கள். இரண்டிலும் சில சுருதிகள் வீங்கும், சில மெலியும்.

அலுமாரியைத் திறந்து வைச்சு உடுப்புக்கை பேசினால் சரியோ, இல்ல முதுகுப் பக்கம் உடுப்பு இருக்க வேணுமோ?

இரண்டுக்கும் காரணம் உண்டு. பெரும்பாலான மைக்குகள் கார்டியோயிட் வகை. முன்னால் வருவதை எடுக்கும், நேர் பின்னால் வருவதை ஒதுக்கும். மைக்கின் முன்பக்கம் பார்ப்பது உங்களையும், உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரையும். அந்தச் சுவர் வெறுமையாக இருந்தால் உங்கள் குரல் அதில் பட்டுத் திரும்பி நேரே மைக்குக்குள் போகும். ஆகவே மெத்தையோ பலகமோ ஒன்றே ஒன்றுதான் உங்களிடம் இருந்தால் அதை முதுகுக்குப் பின்னால் வையுங்கள்.

இரண்டு இருந்தால், திறந்த அலுமாரியின் முன் நின்று உடுப்பைப் பார்த்துப் பேசுங்கள், பின்னால் மெத்தை. மூன்றாவது கிடைத்தால் தலைக்கு மேல். அலுமாரியில் உடுப்பு நெருக்கமாகத் தொங்க வேண்டும். காஞ்சிபுரத்தை விடக் குளிருக்குப் போடும் கம்பளி நல்லது, கனடாவில் இருந்து வந்தவர்கள் விட்டுப்போன ஜக்கெட்டுகள் இதற்கென்றே வாய்த்தவை. தலையை அலுமாரிக்குள்ளே முழுதாக விடவேண்டாம். மரப்பெட்டியின் முழக்கம் குரலில் ஏறும்.

மைக்குக்குப் பின்னால பூட்டுற அரைவட்டக் கேடயம் வாங்கட்டோ?

மேலே சொன்னதை வைத்து நீங்களே தீர்ப்புச் சொல்லலாம். அது நிற்பது மைக்கின் பின்னால், மைக் ஏற்கெனவே ஒதுக்குகிற பக்கத்தில். கொஞ்சம் உதவும். அந்தக் காசுக்கு இரண்டு பலகங்கள் அதிகம் உதவும்.

கொண்டென்சர் எல்லாத்தையும் இழுக்கும், டைனமிக் எண்டால் வெளிச்சத்தம் வராது எண்டு சொல்லினம். மெய்யோ?

பாதி மெய். கொண்டென்சரும் டைனமிக்கும் மைக்கின் இரண்டு இனங்கள். இரண்டும் கார்டியோயிட்டாக, ஒரே தூரத்தில், குரல் ஒரே அளவுக்கு வரும்படி சரிசெய்தால், அறைச்சத்தம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். டைனமிக்கில் குறைவாகத் தெரிவதற்குக் காரணம், அதன் உணர்திறன் குறைவென்பதால் ஆட்கள் வாயோடு ஒட்டிப் பேசுகிறார்கள். வேலை செய்வது தூரம்.

மைக்குக்கும் வாய்க்கும் இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். அறைச்சத்தம் அப்படியே நிற்கும். 40 செ.மீ. இல் இருந்து 20க்கு வந்து, 20இல் இருந்து 10க்கு வந்தால் 12 டெசிபல் ஆதாயம், ஒரு சதம் செலவில்லாமல். 10 செ.மீ. இல் 'ப', 'ஹ' ஊதும், அடிக்குரலும் தடிக்கும். அதற்கு மைக்கை வாயின் நேரே வைக்காமல் கன்னப் பக்கமாகச் சரித்து, முன்னால் ஒரு ஊதுதடுப்பு வையுங்கள். பதினைந்து செ.மீ. அளவில் பெரும்பாலானோர் நன்றாக இருப்பார்கள். மைக்கின் பின்பக்கத்தைச் சத்தம் வரும் யன்னலுக்கு நேரே திருப்பி வைக்கவும் மறக்கவேண்டாம்.

விசிறியை நிப்பாட்டினால் அவிஞ்சு போறன். என்ன செய்யிறது?

இது எங்கள் ஊரின் உண்மையான சிக்கல், வெளிநாட்டு வீடியோக்களில் இதற்கு விடை இல்லை. சும்மா இருக்கும் ஒரு ஆளின் உடம்பே 100 வாட் அளவில் சூடு விடும். மூடிய சின்ன அறையில் அது போக வழியில்லை. சித்திரை, வைகாசியில் பகலில் மூடிக்கொண்டு பதிவதை யோசிக்கவே வேண்டாம்.

ஏசி இருந்தால் முதலில் அறையை நன்றாகக் குளிர வைத்து, நிறுத்திவிட்டுப் பதியுங்கள். சூடேறியதும் கதவைத் திறந்து இடைவேளை. ஏசி இல்லாவிட்டால் அதிகாலை. ஈரத்துவாயைக் கழுத்தில் போடுவது நல்ல பழக்கம், அது சத்தமும் போடாது. எதுவானாலும் இடைக்கிடை கதவைத் திறவுங்கள்: மூச்சுக்காற்று தேங்கினால் தலையிடியும் சோர்வும் வரும், சோர்வு குரலில் முதலில் தெரியும். நெஞ்சு வருத்தம், இழுப்பு உள்ளவர்கள் மூடிய அலுமாரி வித்தைகளில் இறங்கவேண்டாம்.

கோவில் லவுட்ஸ்பீக்கரை என்ன செய்து நிப்பாட்டுறது?

நிறுத்த ஏலாது, சுற்றிப் போகலாம். நல்லூர்த் திருவிழா 25 நாள். ஆடி, ஆவணியில் அந்தப் பக்கம் இருப்பவர்கள் பெரிய வேலை எதையும் ஒப்புக்கொள்ள முதல் நாட்காட்டியைப் பாருங்கள். உங்கள் ஒழுங்கைச் சின்னக் கோவிலுக்கும் கொடியேற்றம், தேர், தீர்த்தம், பூங்காவனம் எல்லாம் உண்டு. ஐயரிடமோ தர்மகர்த்தாவிடமோ நேரம் கேட்டால் சந்தோசமாகச் சொல்வார்கள். நாதஸ்வரத்தைக் கூட ஒரு நல்ல மூடி ஓரளவு குறைக்கும். தவிலின் தொப்பிப் பக்கம் எந்த மெத்தையையும் தாண்டி வரும். தாழ்ந்த ஒலியை நிறுத்தப் பாரம் வேண்டும், மெத்தையில் பாரம் இல்லை.

2007இல் உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கிகளுக்கு வரம்பு விதித்தபோது இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக அனுமதி இல்லை என்று சொன்னது, விசேட நாட்களுக்கு விலக்கோடு. அதைக் காட்டிச் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. 10க்குப் பின் உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். பாங்கும் தேவாலய மணியும் நேரம் தவறாதவை, அவற்றை வைத்தே இடைவேளையைத் திட்டமிடலாம். கொக்குவில், கோண்டாவில், இணுவில் பக்கம் தண்டவாளத்துக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு ரயில் நேரமும் அப்படித்தான், அது பிந்தாத நாட்களில்.

இரவு என்றாலும் எல்லா மாதமும் அமைதி இல்லை. மார்கழி, தையில் வாடைக்காற்றில் விண் (காற்றில் இரையும் நாடா) பூட்டிய பெரிய பட்டங்களை இரவு முழுக்கக் கட்டிவிடுவார்கள். வல்வெட்டித்துறைப் பக்கத்தில் இருந்து எனக்கு வந்த கோப்பு ஒன்றில் அடியில் ஓடிய ரீங்காரம் மின்கோளாறு என்று தேடப்பட்டு, கடைசியில் விண் என்று தெரிந்தது. ஐப்பசி முதல் மாரிமழை. தகரக் கூரைக்காரர்கள் மழைநாளைக் கணக்கில் சேர்க்கவேண்டாம். சோழகக் காலத்தில் பனையோலை உரசும்.

குயில், காகம், பல்லி?

இவை கத்தும் சுருதி உங்கள் பேச்சின் தெளிவு இருக்கும் அதே பகுதியில் விழுகிறது, வெட்டி எடுத்தால் சொல்லும் சேர்ந்து போகும். நிறுத்தி, அந்த வசனத்தை முதலில் இருந்து வாசியுங்கள். பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பவர்கள் அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஒருத்தரும் கதைக்கேல்ல, வெளியிலயும் சத்தமில்ல. ஆனால் 'ம்ம்ம்' எண்டு ஒண்டு கேட்டுக்கொண்டே இருக்கு. அது என்ன?

முதலில் அது காற்றால் வருகிறதா கரண்டால் வருகிறதா என்று பாருங்கள். லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பற்றரியில் ஓட்டுங்கள். போய்விட்டால் மின் ரீங்காரம். எங்கள் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ரீங்காரம் 50, 100, 150 என்ற இடங்களில் வரும். பற்றரியிலேயே பதியுங்கள், மைக் கம்பியை மின்கம்பியோடு சேர்த்து ஓடவிடாதீர்கள், வீட்டின் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு பாருங்கள்.

போகாவிட்டால் பிரிஜ், தண்ணி மோட்டர், பக்கத்து வீட்டு ஏசி. மோட்டர் சுவரோடு சேர்ந்த சீமெந்துக் கட்டில் பூட்டியிருந்தால் அதிர்வு கட்டடத்தின் ஊடாகவே வரும். காற்றை அடைத்துப் பயனில்லை. மோட்டருக்கு அடியில் தடித்த றப்பர், மைக் தாங்கிக்கு அடியில் மடித்த போர்வை, மைக்குக்கு அதிர்வுதாங்கி. எளிய வழி, தண்ணித் தாங்கியை நிரப்பி மோட்டரை நிறுத்திவிட்டுப் பதியத் தொடங்குவது.

இப்ப ஏஐ எல்லாத்தையும் துடைச்சுத் தருகுது. பிறகேன் இந்தப் பாடு?

விசிறி, ஏசி போல மாறாமல் ஓடும் சத்தத்தை மென்பொருள் நன்றாக எடுக்கும். அதற்கு முன்னால் பேசாத பத்து விநாடி பதிந்து வையுங்கள். மாறிக்கொண்டே இருக்கும் சத்தத்தையும் எதிரொலியையும் எடுக்கும்போதுதான் விலை தெரியும். தமிழில் வினை முடியும் இடங்களில் குரல் தாழும்: 'வந்தாள்', 'போனான்', 'இருக்கும்'. அந்தக் கடைசி மெய்யைச் சத்தம் என்று எண்ணி மென்பொருள் தின்றுவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். பிறகு போனது யார் என்று கேட்பவருக்குத் தெரியாது.

இன்னொன்று: பல வாடிக்கையாளர் தொடாத மூலக்கோப்பைத்தான் கேட்பார்கள், துடைப்பதை அவர்களே செய்வார்கள். துடைத்ததை மட்டும் வைத்திருந்தால் அந்த வேலை கையை விட்டுப் போகும்.

ஒலிநூலுக்கு இரைச்சல் -60க்குக் கீழ இருக்க வேணுமாம். என்ர அறை -65 காட்டுது. அப்ப பாஸ்தானே?

அவசரப்படாதீர்கள். ஏசிஎக்ஸ் என்ற ஒலிநூல் தளம் கேட்பது மூன்றும் சேர்ந்து, எல்லாம் டெசிபல் கணக்கில்: சராசரி ஒலியளவு -23க்கும் -18க்கும் இடையில், உச்சம் -3ஐத் தாண்டாமல், இரைச்சல் -60ஐ விடக் கீழே. மூன்றும் இறுதிக் கோப்பில் பார்க்கப்படும். உங்கள் குரல் பதிவில் -30 என்றால் -20க்குக் கொண்டுவர 10 டெசிபல் உயர்த்த வேண்டும். இரைச்சலும் சேர்ந்து உயரும்: -65 போய் -55. தோல்வி.

மைக்குக்குக் கிட்டவருவதைப் பற்றிச் சொன்னேனே, அது இங்கேதான் கைகொடுக்கும். பாதித் தூரம் கிட்டவந்தால் அந்த -55 குறைந்து -61 ஆகும். பதியும்போதே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டினால் வீதியின் உறுமலும் கொஞ்சம் குறையும். அடிக்குரல் மிகத் தாழ்ந்த ஆண்கள் இன்னும் கீழே வெட்டட்டும்.

அறைக்குள்ள ஒரு பூத் கட்டுவம் எண்டு இருக்கிறன். தச்சர் ரெடி.

தச்சரை ஒரு கிழமை பொறுக்கச் சொல்லுங்கள். 1.2 மீற்றர் சதுரப் பெட்டியில் முதல் வீக்கம் வருவது 143 ஹெர்ட்ஸ் அளவில், ஆண்குரலின் அடிச்சுருதிக்குள்ளேயே. மெல்லிய ஸ்பொஞ்ச் அதைத் தொடாது என்று மேலே பார்த்தோம். தடித்ததை வைத்தால் ஆள் நிற்க இடமில்லை. பிறகு கதவின் றப்பர், உள்ளே போகும் காற்று, வெளியே வரும் சூடு. காற்றுக்குழாயை நேரே விட்டால் சத்தமும் அதனால் வரும். மெத்தை ஒட்டிய வளைந்த பெட்டி ஊடாக விடவேண்டும். ஒரு படை பிளைவூட்டில் கட்டிய பூத் நாயை நிறுத்தாது.

சொந்த வீடு, நிரந்தர வேலை, 2 மீற்றருக்குக் குறையாத உள்ளளவு, இரட்டைச் சுவர், இரண்டுக்கும் இடையில் ஒட்டாத இடைவெளி, காற்றுக்கு வழி. இவை ஆறும் இருந்தால் கட்டுங்கள். இல்லாவிட்டால் நாலு நகரும் பலகமும் யன்னல் மூடியும் போதும், வாடகை வீடு மாறினாலும் கூட வரும். டப்பிங்குக்குக் கத்தி நடிப்பவர்கள் அயலுக்குக் கேட்கக்கூடாது என்றும் கேட்பார்கள். தடுப்பு இரு பக்கமும் ஒன்றுதான். வெளிச்சத்தம் உள்ளே எவ்வளவு வருகிறதோ அந்தளவுக்கு உங்கள் அலறலும் வெளியே போகும்.

கொழும்புக்குப் போறன், அறை எடுத்துத் தங்கிறன். இடையில ஒரு அவசரப் பதிவு வந்தால்?

அறை எடுக்கும்போதே வீதிப்பக்கம் வேண்டாம், லிப்ட் பக்கம் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏசியை நிறுத்தி, பிரிஜ் பிளக்கைக் கழற்றி, அறைத் திறப்பைப் பிரிஜ்ஜுக்குள் வையுங்கள். வெளிக்கிடும்போது திறப்பைத் தேடுவீர்கள், பிளக்கும் நினைவுக்கு வரும்.

கட்டில் பக்கத்தில், தலையணைகளை மைக்கின் மூன்று பக்கமும் நிறுத்தி, தடித்த போர்வையைத் தலைக்கும் மைக்குக்கும் மேலாகப் போடுங்கள். போர்வை மைக்கில் உரசாமல் கதிரையின் முதுகிலோ திறந்த சூட்கேஸ் மூடியிலோ தாங்கட்டும். வசனத்தைப் போனில் வாசித்தால் தாள் சலசலப்பு இல்லை. வேர்க்கும், ஒரு நிமிட விளம்பரத்துக்குத் தாங்கலாம். ஒலிநூல் அத்தியாயத்துக்கு இது சரிவராது, தவணை கேளுங்கள்.

காருக்குள்ள பதியலாமோ?

நல்ல யோசனை. இருக்கைகள் உறிஞ்சும், கதவுகளில் றப்பர் ஏற்கெனவே இருக்கிறது. முன்கண்ணாடிதான் திருப்பி அடிக்கும். பின் இருக்கையில் இருந்து பின்பக்கம் பார்த்துப் பேசுங்கள், மடியில் ஒரு தலையணை. எஞ்சின் நிற்கவேண்டும் என்பதால் வெயிலில் சரிவராது, உயிருக்கும் ஆபத்து.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் ஆட்கள் ஏமாறுவது. பனைக்குக் கீழே ஓலை உரசும், கசூரினாக் கடற்கரையில் சவுக்கு இரையும், செம்மணி வெளியில் காற்றுக் காரையே ஆட்டும். மதில் சூழ்ந்த வளவுக்குள், வீட்டின் காற்றொதுக்குப் பக்கம் நிறுத்துங்கள். ஓட்டோ இதற்கு உதவாது, சொல்லத் தேவையில்லை.

கனடாவில இருந்து நேரலையில கேட்டுக்கொண்டு பதியினம். அவையின்ர காலமை பத்து மணிக்கு வரச் சொல்லினம்.

ரொறன்ரோவில் காலை 10 என்றால் எங்களுக்குக் கோடையில் மாலை 7.30, அவர்களின் குளிர்காலத்தில் 8.30. பூசை மணி, டிவி, ஒழுங்கை நாய் எல்லாம் ஒன்றுசேரும் நேரம். அவர்களின் இரவைக் கேளுங்கள்: அங்கே கோடை இரவு 7 என்றால் இங்கே விடிய 4.30. எங்கள் ஊரில் அதைவிட அமைதியான நேரம் இல்லை. ஒரு மணி முன்னே எழும்பிக் கதைத்துக் குரலைத் திறந்து வைக்கவேண்டும், விடியற்குரல் தடித்திருக்கும். லண்டன்காரர் காலை 10 கேட்டால் பிற்பகல் 2.30 அல்லது 3.30, ஊர் உறங்கும் நேரம். சூடுதான் பிரச்சினை, விசிறிக் கேள்வியைப் பாருங்கள்.

ஹெட்போன் கட்டாயம். பதிவு உங்கள் கணினியிலும் தனியே ஓடட்டும், இணையம் அறுந்தாலும் கோப்பு மிஞ்சும்.

பாதி அத்தியாயம் வீட்டில, மிச்சம் பயணத்தில. இரண்டையும் ஒட்டினால் தெரியுமோ?

தெரியும். இரைச்சலை விட அறையின் நிறம்தான் காட்டிக்கொடுக்கும். அதே மைக்கைக் கொண்டு போங்கள், தூரத்தை நூலால் அளந்து அதையே வையுங்கள். வீட்டில் பதிந்த அரை நிமிடத் துண்டைப் போனில் வைத்திருந்து, புது இடத்தில் முதலில் அதைக் கேட்டு, அதே வசனத்தைப் பேசி, இரண்டும் ஒத்துவரும் வரை போர்வையை நகர்த்துங்கள். அந்த இடத்தின் பேசாத அரை நிமிடத்தையும் தனியே பதிந்து தாருங்கள், இடைவெளிகளை நிரப்ப எனக்குத் தேவைப்படும்.

எப்படியும் வெட்டு வசனத்தின் நடுவில் விழக்கூடாது. காட்சி மாறும் இடத்திலோ அத்தியாய முடிவிலோ பயணத்தை வையுங்கள். முடியாவிட்டால் வீடு திரும்பி அந்தப் பந்தியின் தொடக்கத்தில் இருந்து மறுபடி வாசிப்பதுதான், என்னிடம் ஒட்டித்தரச் சொல்லிக் கேட்பதை விட, விரைவாக முடியும் வேலை.